பிரபஞ்ச உற்பத்தியும் ஒரு கரண்டி நெய்யும்

எருமப்பட்டிச் சின்னண்ணனுக்கு நாற்பது வயது வரைக்கும் பிரபஞ்சம் எப்படி உண்டானது என்ற சந்தேகம் வந்ததில்லை. தோட்டத்து மிளகாய், கடலைக்காய், கிணற்றுத் தண்ணீர், மாட்டுக்குத் தீவனம் என்று யோசிக்க அவருக்கு வேறு விஷயங்கள் இருந்தன. அந்தச் சந்தேகத்தை அவர் மனத்தில் கிளப்பியது புத்தகமோ உபந்நியாசமோ அல்ல. ஒரு கரண்டி நெய்.

ஆட்டையாம்பட்டியில் மாமனார் வீட்டுச் சித்திரை நோம்பிப் பண்டிகை விருந்தில் அது நடந்தது. மாமனார் காளியப்பனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மயிலம்மாளைக் கட்டியவர் சின்னண்ணன். இளையவள் சௌந்திரத்தைக் கட்டியவர் பாலசுந்தரம். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. மூத்த மாப்பிள்ளை என்ற முறையில் சின்னண்ணன் முதல் இலையில் உட்கார்ந்திருந்தார். சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. மாமியார் வள்ளியாத்தாள் நெய்க் கிண்ணத்தோடு வந்தார். வந்தவர் சின்னண்ணனின் இலையைத் தாண்டிப் போய்ப் பாலசுந்தரத்தின் சோற்றில் ஒரு கரண்டி நிறைய ஊற்றினார். அதற்கப்புறம்தான் திரும்பி வந்தார்.

சின்னண்ணன் சோற்றைப் பிசையவில்லை. காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்தார். காரணம் பக்கத்து இலையிலேயே பேசிக்கொண்டிருந்தது.

"நட்சத்திரக் கூட்டமெல்லாம் ஒண்ணவுட்டு ஒண்ணு வெலகி ஓடீட்டே இருக்குதுங்க மாமா," என்றார் பாலசுந்தரம். "அப்ப ஆதியில எல்லாம் ஒண்ணா ஒரே எடத்துல இருந்திருக்கோணுமல்லங்க? பிரபஞ்சம் எப்படி உண்டாச்சுன்னு எங்க சபையில அதத்தான் ஆராயறோமுங்க."

"அட சாமி!" என்றார் காளியப்பன். மாமனாரின் வாய் திறந்தபடியே இருந்தது. சின்னண்ணன் பதினைந்து வருஷமாக எவ்வளவோ சொல்லியிருக்கிறார். அந்த வாய் ஒரு தடவையும் அப்படித் திறந்ததில்லை.

ஊருக்குத் திரும்பும் வழியில் மயிலம்மாள் வண்டிக்குள்ளிருந்து கேட்டாள். "ஏனுங்க, நெய்யப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"வருசா வருசம் மூட்டை மூட்டையா மொளகாய எறக்குறோம். எங்கம்மா ஊட்டுக்கு ஒண்ணு, தங்கச்சி ஊட்டுக்கு ஒண்ணு. அவரு ஒரு நட்சத்திரத்தையாவது கொண்டாந்து எறக்குனாரா?"

உண்மைதான். எருமப்பட்டிப் பக்கத்திலேயே காரமான மிளகாய் சின்னண்ணனின் தோட்டத்தில்தான் விளைந்தது. அதில் பொறுக்கி எடுத்ததை அவர் சகலை வீட்டுக்கும் ஒவ்வொரு வருஷமும் தவறாமல் அனுப்பிவந்தார். பாசத்தால் என்று சொன்னால் அது பொய். தினம் தினம் குழம்பைத் தொடும்போது அது யார் தோட்டத்துக் காரம் என்று பாலசுந்தரத்துக்கு உறைக்க வேண்டும் என்பதற்காக அனுப்பினார்.

"ஆடி ஒண்ணாந் தேதி மறுபடியும் போகோணும்," என்றாள் மயிலம்மாள். "அதுக்குள்ள நீங்களும் அதென்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்துருங்க. எனக்கு எந் தங்கச்சி மொகத்தப் பாக்க முடியல."

சின்னண்ணன் தெரிந்துகொள்ளக் கிளம்பியது இப்படித்தான். பெரிய மகான்களுக்கு இந்தக் கேள்வி மலை உச்சியிலும் காட்டுக்குள்ளும் பிறந்ததாகச் சொல்கிறார்கள். அங்கெல்லாம் சகலை இல்லாததால் கொஞ்சம் தாமதமாகப் பிறந்திருக்கும்.

சேலம் ஜில்லா பிரபஞ்ச உற்பத்தி விளக்க மகாசபை அஸ்தம்பட்டியில் ஒரு பழைய பங்களாவின் கூடத்தில் கூடிவந்தது. தலைமை வகிக்கும் அக்கிராசனர் ஓய்வு பெற்ற தாசில்தார். காரியதரிசி, பாலசுந்தரத்தின் எஜமானராகிய வக்கீல். பாலசுந்தரம் சபையின் நாற்காலி ஏற்பாட்டு உப காரியதரிசி. அதாவது நாற்காலி போடுபவர். ஆட்டையாம்பட்டியில் இந்த உத்தியோகத்தைப் பற்றிப் பேச்சு வந்ததில்லை என்பதைச் சின்னண்ணன் சந்தோஷத்தோடு கவனித்தார். ஆனால் அடுத்த நிமிஷமே, தனக்கு நாற்காலி போடக்கூட ஒரு சபை இல்லையே என்று தோன்றிச் சந்தோஷம் போய்விட்டது.

அவர் அக்கிராசனரைக் கும்பிட்டு, கொண்டுபோன கடலைக்காய் மூட்டையை இறக்கிவிட்டு, நேராகக் கேட்டார். "இந்தப் பிரபஞ்சம் எப்படிங்க உண்டாச்சு?"

அக்கிராசனர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதோ பாரும். அந்தக் கேள்வியைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு கேட்கக் கூடாது. சபை கூட வேண்டும். கடவுள் வாழ்த்துப் பாட வேண்டும். அக்கிராசனரை ஒருவர் பிரேரேபித்து, இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும். அவர் ஆசனத்தில் அமர்ந்து முன்னுரை சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் விஷயம்."

"ஆகட்டுமுங்க. விஷயத்துல என்னங்க சொன்னாங்க இதுவரைக்கும்?"

"இதுவரைக்கும் விஷயத்துக்கு நேரம் போதவில்லை."

சின்னண்ணன் முதன்முதலாகப் போன கூட்டத்திலேயே அதன் காரணம் தெரிந்தது. மாலையை யாருக்கு முதலில் போடுவது என்பது அந்தச் சபையில் தீராத வழக்கு. ஊர்க் கோயில்களில் முதல் மரியாதைக்குச் சண்டை வந்து தேர் நிற்பதுண்டு. இவர்கள் அதையெல்லாம் மூடப் பழக்கம் என்று ஒதுக்கிவிட்டுத் தேரில்லாமலே சண்டை போட்டார்கள். அக்கிராசனருக்கு இடது கைப்பக்கம் உட்காரக் காரியதரிசி சம்மதிக்கவில்லை. காரியதரிசிக்கு இடது கைப்பக்கம் உட்கார அக்கிராசனரும் சம்மதிக்கவில்லை. அதனால் கூட்டத்துக்குக் கூட்டம் இரண்டு நாற்காலிகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போடப்பட்டு, இப்போது ஒன்று கிழக்கு ஜன்னலோரமும் மற்றொன்று மேற்கு ஜன்னலோரமும் கிடந்தன. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டும். போன வருஷம் இதே தகராறில் பாதி அங்கத்தினர்கள் பிரிந்துபோய்ச் செவ்வாய்ப்பேட்டையில் ஆதிகாரண ஆராய்ச்சிக் கழகம் என்று வேறொன்று ஆரம்பித்திருந்தார்கள்.

அன்று அக்கிராசனர் சொன்ன முன்னுரையில் ஒரு பகுதியை அப்படியே கொடுக்கிறேன். எனக்கு இதில் ஒரு வார்த்தையும் கூட்டும் திறமை கிடையாது.

"மகாஜனங்களே! பிரபஞ்சம் உண்டான காலத்தில் அடியேன் உத்தியோகத்தில் இல்லை. இருந்திருந்தால் அது இவ்வளவு ஒழுங்கீனமாக உண்டாகியிருக்காது. ஒரு நட்சத்திரம் இங்கே, ஒரு நட்சத்திரம் அங்கே! எல்லைக் கல் உண்டா? சர்வே நம்பர் உண்டா? முப்பது வருஷம் நான் ஒரு தாலுக்காவையே கட்டிக் காத்தவன். என்னைக் கேட்காமல் ஒரு வேலி நகர்ந்ததில்லை. இன்று நட்சத்திரங்கள் கேட்பாரில்லாமல் ஓடுகின்றன என்றால், அதற்குக் காரணம் தகுதியான மேலதிகாரி இல்லாததுதான்!"

மேற்கு ஜன்னலோரமிருந்து காரியதரிசி எழுந்து, மேலதிகாரி என்ற சொல் தம்மைக் குத்துவதாக ஆட்சேபித்தார். அதோடு விளக்கில் எண்ணெய் தீர்ந்து சபை கலைந்தது.

ஆனி மாதத்தில் ஒரு செய்தி வந்தது. செவ்வாய்ப்பேட்டைக் கழகத்தார் பம்பாயிலிருந்து ஒரு தொலைநோக்கிக் குழாய் வரவழைக்கிறார்களாம். அதைக் கேட்ட அக்கிராசனர் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. காரியதரிசிக்குக் காய்ச்சல் கண்டது. நெய்யால் பட்ட பாடு சின்னண்ணனுக்கு நினைவிருந்ததால் அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னைப் போலவே பெரிய மனிதர்களுக்கும் வயிறு எரிகிறது என்பதில் ஒரு ஆறுதலும் இருந்தது.

அவசரக் கமிட்டி கூடியது. மதராஸ் கலாசாலையில் பௌதிகம் போதிக்கும் குழந்தைவேலுவை அழைப்பதென்று முடிவாயிற்று. அவர் திருச்செங்கோட்டுக்காரர், ரயில் செலவு மட்டும் கொடுத்தால் வந்துவிடுவார். அதோடு செவ்வாய்ப்பேட்டையார் வாய் பிளக்கும்படி கண்ணெதிரே ஒரு சோதனையும் செய்து காட்ட வேண்டும் என்றார் அக்கிராசனர். என்ன சோதனை என்பது யாருக்கும் தெரியவில்லை.

பாலசுந்தரம் நாற்காலியைப் பிடித்தபடி பத்திரிகையில் படித்ததைச் சொன்னார். "பெல்ஜியம் தேசத்துப் பாதிரியார் ஒருத்தரு கணக்குப் போட்டிருக்காருங்க. ஆதியில எல்லாமே ஒரே ஒரு அணுவுக்குள்ள அடங்கியிருந்துச்சாமா. அது வெடிச்சுச் செதறித்தான் இத்தனையும் ஆச்சாமா."

எல்லோரும் பாலசுந்தரத்தைப் பார்த்தார்கள். ஓரமாக நின்றிருந்த சின்னண்ணனால் தாங்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். "அப்ப நம்ம ஆடித் தேங்கா மாதிரிங்களா?"

எங்கள் பக்கத்தில் ஆடி முதல் தேதி வீட்டுக்கு வீடு தேங்காய் சுடுவார்கள். கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, உள்ளே வெல்லம், பச்சைப் பயறு, எள், பொட்டுக்கடலை, அவல் எல்லாம் போட்டு, துளையில் நீளமான ஒரு பச்சைக் குச்சியைச் செருகி, அந்தக் குச்சியைப் பிடித்தபடியே நெருப்பில் வாட்டுவார்கள். ஓடு வெடிக்கும்போது உள்ளே எல்லாம் வெந்து கலந்திருக்கும். சாமிக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள்.

"பிரமாதம்!" என்று கிழக்கு ஜன்னலோரமும் மேற்கு ஜன்னலோரமும் ஒரே சமயத்தில் கத்தின. மகாசபையின் சரித்திரத்தில் அவை இரண்டும் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான். சின்னண்ணன் குச்சி பிடிக்கும் உப காரியதரிசியாக நியமிக்கப்பட்டார். பாலசுந்தரத்தின் முகம் அப்போது போன போக்கைப் பார்த்து, ஆட்டையாம்பட்டி நெய்யில் பாதி தனக்கு வந்து சேர்ந்துவிட்டதாகச் சின்னண்ணனுக்குத் தோன்றியது.

அதற்கப்புறம் தேங்காய் சபையின் கைக்குப் போயிற்று. வெல்லம் போடும் உரிமை அக்கிராசனருக்கு. பயறு போடும் உரிமை காரியதரிசிக்கு. வெல்லம் முதலில் விழுந்தால் பயறு அதன் மேல் விழும், ஆகவே பயறே உயர்ந்தது என்று காரியதரிசி வாதாடினார். அடியில் இருப்பதே அஸ்திவாரம் என்றார் அக்கிராசனர். கடைசியில் இருவரும் ஆளுக்கொரு கண்ணைத் துளைத்து ஒரே நேரத்தில் போட்டார்கள். தேங்காய்த் தண்ணீரை வடிப்பதில்தான் பெரிய சிக்கல் வந்தது. வடித்தால் யாராவது குடிக்க வேண்டும். குடித்தால் யார் முதலில் குடிப்பது? அந்த விவகாரம் உப கமிட்டிக்கு அனுப்பப்பட்டது. தண்ணீர் தேங்காய்க்குள்ளேயே நின்றது. கண்ணைக் குச்சியால் அடைப்பது நாட்டுப்புறத்து வழக்கம் என்பதால், அக்கிராசனர் இரண்டு கண்களையும் தக்கையால் இறுக அடைத்து, அரக்கு உருக்கி ஊற்றி, மகாசபையின் முத்திரையைக் குத்தினார். சின்னண்ணனின் குச்சியைச் சபையின் கௌரவத்துக்காக வெளிப்புறத்தில் ஒரு கம்பியால் கட்டினார்கள்.

அங்கே இருந்த அத்தனை பேரும் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஆடித் தேங்காய் சுட்டவர்கள். தண்ணீரை வைத்து அடைத்து நெருப்பில் போட்டால் என்ன ஆகும் என்பது அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் அக்கிராசனர் சொன்னால் காரியதரிசிக்கு வெற்றி, காரியதரிசி சொன்னால் அக்கிராசனருக்கு வெற்றி. சின்னண்ணனுக்கும் தெரியும். வாயைத் திறந்தால் குச்சி பாலசுந்தரத்தின் கைக்குப் போய்விடும் என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

கூட்டத்து நாள் சாயங்காலம் கூடம் நிரம்பியது. செவ்வாய்ப்பேட்டையார் முன் வரிசையில் உட்கார்ந்து ஏளனமாக இருமினார்கள். மதராஸ் குழந்தைவேலு ஒரு மூலையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு இரும்புச் சட்டியில் கரி. நிகழ்ச்சி நிரலின்படி, எல்லா உபசாரங்களும் முடிந்த பின்தான் நெருப்பு மூட்ட வேண்டும். ஆனால் பாலசுந்தரம் கையில் நெருப்புப் பெட்டியோடு சட்டியை நோக்கி வருவதைச் சின்னண்ணன் பார்த்துவிட்டார். அவருக்கு முந்திக்கொண்டு ஓடிப்போய்க் கரியைப் பற்றவைத்து, விசிறி, தேங்காயையும் வைத்துவிட்டார்.

கடவுள் வாழ்த்து முடிந்தது. அக்கிராசனரை ஒருவர் பிரேரேபித்துப் பேசினார். அவருடைய உத்தியோக காலம், குதிரை, ஒரு கலெக்டர் அவரோடு கை குலுக்கியது எல்லாம் வந்தன. ஆமோதிக்க வேண்டியவர் காரியதரிசி. அவர் எழுந்து, துண்டை உதறி, "இப்பிரேரணையை நான் ஆமோதிப்பதற்கு முன்பாக..." என்று இழுத்தார்.

தேங்காய் வெடித்தது.

யாருக்கும் பெரிய காயமில்லை. வெல்லப் பாகு அக்கிராசனரின் தலைப்பாகையில் போய் ஒட்டியது. எள்ளும் பயறும் காரியதரிசியின் கோட்டு முழுக்கப் பரவின. அரக்கு முத்திரை மட்டும் உடையாமல் பறந்துபோய்ச் செவ்வாய்ப்பேட்டைத் தலைவரின் மடியில் விழுந்தது. சின்னண்ணன் கையில் குச்சி மட்டும் மிச்சம்.

புகை அடங்கியதும் அக்கிராசனர் எழுந்தார். "அமைதி! என் பெயர் இன்னும் ஆமோதிக்கப்படவில்லை. ஆகவே சபை ஆரம்பமாகவில்லை. சபை ஆரம்பமாவதற்கு முன்னால் நடந்த எதுவும் நடந்ததாகாது. தேங்காய் வெடிக்கவில்லை!"

"என் கோட்டைப் பாரும் ஐயா!" என்று அலறினார் காரியதரிசி.

"அது உம்முடைய சொந்தப் பயறு," என்றார் அக்கிராசனர்.

பிறகு இருவரும் நேரில் வந்து கத்தத் தொடங்கினார்கள். அந்தச் சந்தடியில் சின்னண்ணன் மூலைக்குப் போய், கன்னத்தில் பயறோடு, மதராஸ்காரர் முன்னால் நின்றார்.

"சாமி, நீங்களாவது சொல்லுங்க. ஆடி ஒண்ணு நாளன்னிக்கு. பிரபஞ்சம் எப்படிங்க உண்டாச்சு?"

குழந்தைவேலு சிரித்துக்கொண்டே அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். "நட்சத்திரக் கூட்டமெல்லாம் நம்மளவுட்டு வெலகிப் போகுதுங்க. வெளிச்சத்தப் பிரிச்சுப் பாத்து அதக் கண்டுபுடிச்சிருக்காங்க. தூரமா இருக்கறது இன்னும் வேகமாப் போகுது."

சின்னண்ணன் இரண்டு ஜன்னல்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, புரிகிறது என்று தலையாட்டினார்.

"அப்படியே பின்னால யோசிச்சுட்டுப் போனா, ஒரு காலத்துல எல்லாம் நெருக்கமா இருந்திருக்கும்னு கணக்குச் சொல்லுது. அணுன்னு சொல்றது ஒரு யோசனைதானுங்க. சரியா தப்பான்னு இன்னும் பாக்கோணும்."

"அதுக்கு முன்னால?"

"தெரியாதுங்க."

"பத்த வெச்சது ஆருங்க?"

"அதுவும் தெரியாதுங்க. பத்த வெச்சாங்களான்னே தெரியாது. தேடீட்டிருக்கறோம்."

இவ்வளவு படித்துவிட்டு, இப்படிக் கூசாமல், வெற்றிலை போட்டுக்கொண்ட நிம்மதியோடு ஒரு மனிதரால் தெரியாது என்று சொல்ல முடிகிறதே என்று சின்னண்ணனுக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் அந்த வார்த்தை அக்கிராசனரின் காதிலும் விழுந்துவிட்டது. "தெரியாதா? இந்த மகாசபையில் இன்று வரைக்கும் ஒருவர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வந்ததில்லை!" என்றார். கண்டனத் தீர்மானம் கொண்டுவர இரண்டு தரப்பும் போட்டி போட்டன. குழந்தைவேலு ரயிலுக்கு நேரமாயிற்று என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அவரை யாரும் வழியனுப்பவில்லை. யார் முதலில் வழியனுப்புவது என்பது முடிவாகவில்லை.

ஆடி முதல் தேதி ஆட்டையாம்பட்டியில் முறைப்படி தேங்காய் சுட்டு, படைத்து, பந்தி போட்டார்கள். சின்னண்ணனுக்கு முதல் இலை. மயிலம்மாள் சமையலறைக் கதவருகே நின்று கண்ணைக் காட்டினாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நட்சத்திரம் விலகுவதையும், எல்லாம் நெருக்கமாக இருந்திருக்கும் என்பதையும், அணுவையும் சொன்னார். பாலசுந்தரம் குறுக்கே பேசவில்லை. காளியப்பனின் வாய் திறந்தது.

"அதுக்கு முன்னால என்ன இருந்துச்சுங்க மாப்ளே?"

"தெரியாதுங்க மாமா," என்றார் சின்னண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து. "மதராசுல படிச்சவருக்கே தெரியாதுங்க. எனக்கும் அவருக்கும் ஒரே அளவுதான் தெரியாது."

"அட சாமி!" என்றார் காளியப்பன்.

சின்னண்ணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பருப்பு விழுந்தது. வள்ளியாத்தாள் நெய்க் கிண்ணத்தோடு வந்தார். வந்து, சின்னண்ணனின் இலையைத் தாண்டிப் போய், பாலசுந்தரத்தின் சோற்றில் ஒரு கரண்டி நிறைய ஊற்றினார்.

சின்னண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வெட்கத்தைவிட்டுக் கேட்டுவிட்டார். "அத்தைங்க! நான் என்ன கொறை வெச்சேனுங்க? பிரபஞ்சத்தையும் சொல்லிப் போட்டேன். இன்னும் அவருக்குத்தான் நெய்யுங்களா?"

வள்ளியாத்தாள் திகைத்துப்போய் நின்றார். "அய்யோ சாமி, இதுக்கா மொகம் வாடுனீங்க? அவருக்கு வகுத்துப் புண்ணுங்க. பசி தாங்க மாட்டாரு. நெய் உழுகாம ஒரு வாய் உள்ள போனாலும் எரிச்சல் எடுத்துக்கும்னு வைத்தியரு சொல்லியிருக்காரு. அதுக்குத்தான் ஓடி ஓடி ஊத்தறேன்."

"வகுத்துப் புண்ணா? எதனாலங்க?"

மாமியார் தயங்கினார். பாலசுந்தரம் இலையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "உங்க மொளகாதாங்ணா."

சின்னண்ணன் பிசைந்த சோற்றை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமல்ல தம்பி?"

"எப்படிங்ணா சொல்றது? இந்த ஊட்டுக்கு வந்தா உங்க தோட்டத்தப் பத்தித்தான் பேச்சு. அண்ணன் மொளகா, அண்ணன் கடலக்கா, அண்ணன் மாடு. காரம் தாங்கலைன்னு சொன்னா அதுலயும் நீங்கதானுங்க செயிச்சீங்க. எனக்குச் சொல்லிக்க என்ன இருக்குது? நாற்காலி போடறதச் சொல்ல முடியுமா? அதுதான் நட்சத்திரத்தப் புடிச்சுக்கிட்டேன்."

சின்னண்ணனுக்குச் சகலையின் மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்தது. இத்தனை வருஷமும் ஒருவன் தன்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறான், அதுவும் நிஜமாகவே எரிந்திருக்கிறான் என்று நினைத்தபோது அவருக்குத் துக்கமாகவும், சொல்லக் கூடாது, கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. இனி மிளகாய் அனுப்புவதில்லை என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். அதற்குள் மாமியார் தன் இலையிலும் ஊற்றியிருந்த நெய்யில் கொஞ்சம் வழித்துப் பாலசுந்தரத்தின் இலையில் வைத்தார். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கப்புறம் பாலசுந்தரத்துக்கு மட்டும் குழைய வடித்த தனிச் சோறு வந்தது. பிறகு சீரகம் போட்டுத் தாளித்த தனி மோர் வந்தது. வள்ளியாத்தாள் விசிறியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "மெதுவாச் சாப்புடுங்க கண்ணு," என்றார். சின்னண்ணன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்தார்.

சாயங்காலம் வண்டி ராசிபுரத்தைத் தாண்டும்போது அவருக்கு லேசாக வயிறு வலித்தது.

"என்னங்க ஆச்சு? நாமக்கல்லுல வைத்தியர்கிட்டக் காட்டீட்டுப் போலாமா?" என்று பதறினாள் மயிலம்மாள்.

"வைத்தியரெல்லாம் வேண்டாம்," என்றார் சின்னண்ணன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "உங்கம்மாளுக்குச் சொல்லியனுப்பு, போதும்."